கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க்கதை: எட்டில் ஒன்றுக்காகவே வாங்கலாம்

மான்செஸ்டரில் இருக்கும் என் தங்கை மகன் போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது ஒரு டிவிடி பெட்டியை நீட்டி, "மாமா, உங்க ரயில்வே டிபார்ட்மென்ட் பேய் இதுல இருக்கு" என்றான். பிபிசி 1971 முதல் 1978 வரை வருஷத்துக்கு ஒன்றாக, கிறிஸ்துமஸ் சமயத்தில் இரவு நேரத்தில் ஒளிபரப்பிய 'எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்துமஸ்' தொடர். எட்டும் தனித்தனிக் கதைகள். அரை மணி, அதிகம் போனால் ஐம்பது நிமிடம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எந்த நாட்டு டிவிடி எந்த பிளேயரில் ஓடும் என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள். பிரிட்டன் டிவிடி 2ஆம் மண்டலம், நம்முடையது 5ஆம் மண்டலம். எங்கள் வீட்டு பிளேயர் துப்பிவிட்டது. பழைய லேப்டாப்பில் மண்டலத்தை மாற்றித்தான் பார்த்தேன். அந்த டிரைவிலும் ஐந்து தடவைக்கு மேல் மாற்ற முடியாது, யோசித்து மாற்றுங்கள்.

முதல் ஐந்து கதைகளும் எம். ஆர். ஜேம்ஸ் எழுதியவை. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தவர், பழைய சுவடிகளிலும் கல்லறைகளிலும் ஊறிய பண்டிதர். கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களை அறைக்குக் கூப்பிட்டுத் தன் கதையை வாசித்துக் காட்டுவாராம். அவர் கதைகளில் பேய் சும்மா வராது. யாராவது கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்திருப்பார்கள். பதவிக்காகக் கிழவரைத் தீர்த்துக்கட்டிய பாதிரியார், மடாதிபதி புதைத்த பொன்னைத் தேடுகிறவர், இப்படி. 1972இல் வந்த 'எ வார்னிங் டு தி க்யூரியஸ்' இந்த வகையில் உச்சம். நாயகனாக வரும் பீட்டர் வான், இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் ஒரு பழங்கால மகுடத்தைத் தோண்டி எடுக்கிறார். அப்புறம் தூரத்தில், மரங்களுக்கு நடுவே, கறுப்பாக ஒரு ஆள். அவ்வளவுதான். கிட்டே வருவதே அபூர்வம். ஜேம்ஸின் மூலக்கதையில் ரயில் கார்டு மகுடம் எடுத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, பின்னால் இன்னொருவர் வருவதுபோலத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருப்பார். ரயில்வேக்காரனுக்கு அந்த ஒரு வரி போதும்.

இவற்றில் பயம் உண்டு, ஆனால் ஒரு ஆறுதலும் உண்டு. நாம் எந்த மகுடத்தையும் தோண்டப் போவதில்லை. 1976இல் வந்த 'தி சிக்னல்மேன்' அந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொள்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1866இல் எழுதிய கதை. இதில் வரும் மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. மலையைக் குடைந்த ரயில் குகை வாயிலில் சிக்னல் டூட்டி பார்க்கிறார்.

செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் மூன்று வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். மலைக்குகைக்குப் பக்கத்தில் நைட் டூட்டி என்றால் என்ன என்று தெரியும். இரண்டு மணிக்கு மேல் காது தானாக மணி அடிக்கும். எழுந்து போய், பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணியடிக்கும் பிளாக் கருவியைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சிக்னல்மேனாக நடித்த டென்ஹோம் எலியட் அதை எங்கே கற்றாரோ. அவரைப் பார்க்க வந்தவர் பேசிக்கொண்டிருக்கிறார், இவர் தலை மட்டும் மணிப் பக்கம் திரும்புகிறது. மணி அசையவில்லை, வந்தவருக்கு எதுவும் கேட்கவுமில்லை. இவர் கதவைத் திறந்து குகை வாயிலில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். ஈரம் வழியும் பாறைச் சுவர், புகை, அடுப்பு வெளிச்சம். செவர்ன் வேலி ரயில்பாதையில், பியூட்லி குகைப் பக்கம் எடுத்திருக்கிறார்கள். ஒரு இடத்திலும் செட் என்று தோன்றவில்லை.

குகை வாயிலில் ஒரு உருவம் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டுகிறது. அது வந்தால் அப்புறம் ஒரு சாவு வரும். இரண்டு முறை வந்தாயிற்று, இப்போது மூன்றாவது. இவர் என்ன செய்ய முடியும்? 'ஆபத்து' என்று தந்தி கொடுத்தால், 'என்ன ஆபத்து, எங்கே' என்று பதில் வரும். தெரியாது. வேலை போகும். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது பேயைப் பார்த்து அல்ல, இந்த இடத்தில். லைன் கிளியர், அதாவது பக்கத்து ஸ்டேஷன் ரயிலை அனுப்ப அனுமதி, கொடுக்க மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

டிக்கன்ஸ் இதைச் சும்மா எழுதவில்லை. 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊரில் தடம்புரண்ட ரயிலில் அவர் இருந்தார். பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடி பிடித்தவர் 1,000 கஜம் தள்ளி நிற்க வேண்டியது, 554 கஜத்தில் நின்றார். பத்துப் பேர் போனார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து, அதே ஜூன் 9இல் டிக்கன்ஸும் போய்ச் சேர்ந்தார். கொடி ஆட்டியும் பலனில்லாத ஒரு கை அவர் மனதில் எங்கேயோ தங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கடைசி இரண்டு கதைகள் எனக்கு ஒட்டவில்லை. 1977, 1978இல் சமகாலக் கதை என்று புதிதாக எழுதி எடுத்தவை. 'தி ஐஸ் ஹவுஸ்' பார்க்கும்போது தூங்கிவிட்டேன், மறுபடி போட்டும் தூங்கினேன். 2005இலிருந்து பிபிசி இந்தத் தொடரை மறுபடி அவ்வப்போது எடுக்கிறது, இப்போது பெரும்பாலும் எழுதி இயக்குவது மார்க் கேட்டிஸ். 2019இல் பீட்டர் கபால்டி வக்கீலாக வரும் ஒன்றைப் பார்த்தேன். நடிப்பு நன்றாயிருந்தது, பேச்சு ஜாஸ்தி. பழையவற்றில் வசனம் குறைவு, காற்றுச் சத்தம் அதிகம். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக, இருட்டாக இருக்கும். டிவி வெளிச்சத்தைக் கூட்டிக் கெடுத்துவிடாதீர்கள்.

சிக்னல்மேனை இரண்டாம் முறை போட்டபோது மனைவியும் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "அந்த ஆளு இதையெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதினாரா?"

ரெஜிஸ்டரில் அதற்கு ஏது கட்டம் என்றேன்.