நெட்லோகோ: பல வருடம் புழங்கிய பிறகு

தனித்தனி ஆட்களுக்கு விதி கொடுத்து, சேர்ந்து என்ன நடக்கிறது என்று கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் மாடலிங் மென்பொருள் நெட்லோகோ. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்து உற்சாகத்தில் எழுதுகிறார்கள். கூடவே வரும் மாடல் தொகுப்பைத் திறந்து, ஓநாயையும் ஆட்டையும் ஓடவிட்டு, கிராஃப் ஏறி இறங்குவதை ரசித்துவிட்டு, அருமையான மென்பொருள் என்று முடித்துவிடுவார்கள். நான் பாசனம், நிலத்தடி நீர் சம்பந்தமான வேலைக்காக இதைப் பல வருடமாகப் புழங்குகிறேன். இன்னும் விடவில்லை. ஆனால் பாராட்டின அளவுக்குத் திட்டியும் இருக்கிறேன், இரண்டையும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கியது, இப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவருடைய மையம் கவனித்துக்கொள்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். சின்னப் பிள்ளைகளுக்கு ஆமையை நகர்த்திக் கணினி சொல்லிக்கொடுத்த லோகோ மொழியின் வாரிசு என்பதால் நகரும் ஆட்களுக்கு இதிலும் 'டர்ட்டில்' என்றுதான் பெயர், அவர்கள் நிற்கும் தரைக் கட்டங்கள் 'பேட்ச்'. விவசாயி ஒரு டர்ட்டில், அவர் நிலம் சில பேட்ச். ஒவ்வொருவருக்கும் விதி எழுதிவிட்டு 'கோ' பட்டனை அழுத்தினால் காலம் டிக் டிக்காக நகரும். ஸ்லைடரை இழுத்து மழையைக் குறைக்கலாம், ஆட்களைக் கூட்டலாம்.

இது எதற்கு, ஏற்கெனவே ஸ்வாட் மாதிரி நீரியல் மாடல்கள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன், மழை எவ்வளவு ஓடியது எவ்வளவு மண்ணுக்குள் போனது என்பதற்கு அதுதான் சரி. ஆனால் அதில் மனிதன் ஒரு அட்டவணையாகத்தான் வருவான்: இன்ன காலத்தில் நடவு, இத்தனை மில்லிமீட்டர் பாசனம், இன்ன உரம். அவன் பக்கத்துக் காட்டைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டான், போன வருடம் நஷ்டம் என்று பயிரை மாற்ற மாட்டான். தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

இந்த வகை மாடலிங் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது பாலித் தீவின் கதைதான். அங்கே ஆற்று நீரைப் பகிர்ந்து நெல் விளைவிக்கும் உழவர் அமைப்புக்குச் சுபாக் என்று பெயர். எப்போது நடுவது, எப்போது வயலை ஆறப்போடுவது என்பதை நீர்க்கோயில்களின் வழியாகக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோயில் கணக்கையெல்லாம் விட்டுவிட்டுப் புதிய ரகங்களை முடிந்தவரை அடிக்கடி நடச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டார்கள், தண்ணீர்த் தட்டுப்பாடும் புகையான் பூச்சியும் சேர்ந்தே வந்தன. புகையானைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு வயல் எப்போதும் பச்சையாக இருந்தால் அந்தப் பூச்சிக்குப் பட்டினியே கிடையாது. எல்லோரும் ஒன்றாக அறுத்து ஒன்றாக ஆறப்போட்டால் பூச்சி அடங்கும், ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது.

மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஓஸ், பெதானு என்ற இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளைக் கணினியில் வைத்து 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சுபாக்குக்குக் கொடுத்த விதி ஒன்றுதான்: வருட முடிவில் பக்கத்துச் சுபாக்குகளைப் பார், உன்னைவிட நல்ல மகசூல் எடுத்தவன் எந்தப் பயிர்முறையை வைத்திருந்தானோ அதை எடுத்துக்கொள். மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. கொஞ்ச வருடத்தில் சுபாக்குகள் தாமாகவே கொத்துக் கொத்தாக ஒரே பயிர்முறைக்கு வந்தன, அந்தக் கொத்துகள் நிஜமான நீர்க்கோயில் கூட்டங்களைப் போலவே இருந்தன, மகசூலும் ஏறியது.

இதே விதிகளை நெட்லோகோவில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. கோட் பெரிதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும், கட்டுரையைப் படிக்கும்போது தோன்றாத கேள்விகள் வரும். பக்கத்துச் சுபாக் என்றால் யார்? எல்லை தொடுகிறவனா, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவனா? எல்லோரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கிறார்களா, ஒருவர் மாறியதைப் பார்த்து அடுத்தவர் மாறுகிறாரா? நெட்லோகோவின் 'ஆஸ்க்' கட்டளை ஆட்களை ஒவ்வொருவராக, குலுக்கல் முறை வரிசையில்தான் கூப்பிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாற வேண்டுமென்றால் முதலில் எல்லோரையும் முடிவெடுக்கச் சொல்லி, அந்த முடிவைத் தனியாகச் சேர்த்துவைத்து, இரண்டாவது சுற்றில் மாறச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே விடை தரும் என்று நினைத்தால் ஓட்டிப் பாருங்கள். வாய்ப்பேச்சில் மழுப்பிவிட்டுப் போகிற இடத்தில் இந்தக் கருவி நம்மை நிறுத்திவைக்கும், நான் இதை விடாமல் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

அடுத்தது இதன் பெரிய ஆபத்து. படம் அழகாக நகரும். நிறம் மாறும், கொத்துகள் உருவாகும், பார்க்கிறவர் தலையாட்டிவிடுவார். கூட்டங்களில் இதைப் பல முறை பார்த்துவிட்டேன், ஒரே ஒரு ஓட்டத்தைத் திரையில் காட்டிவிட்டு "ஆக, இப்படித்தான் நடக்கும்" என்பார்கள். பாலி மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கோ ஜான்சென் அதைத் திரும்ப ஆராய்ந்து 2007-இல் எழுதினார்: சுபாக்குகள் தாமாக ஒழுங்குக்கு வருவது, பூச்சி எப்படிப் பெருகிப் பரவுகிறது என்று வைத்துக்கொள்கிறோம், ஆட்கள் எப்படி முடிவெடுப்பதாக வைத்துக்கொள்கிறோம் என்பவற்றைப் பொறுத்து மாறுகிறது. மூல ஆய்வு தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த அனுமானத்தின் மேல் அது நிற்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதை ஒரு ஓட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குத்தான் உள்ளேயே பிஹேவியர்ஸ்பேஸ் இருக்கிறது. எந்த மதிப்பை எங்கிருந்து எங்கே வரை மாற்றுவது, ஒவ்வொன்றையும் எத்தனை முறை ஓட்டுவது என்று கொடுத்துவிட்டால், கணினியின் பல கோர்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி இரவு முழுக்க ஓட்டிக் காலையில் சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்துவிடும். இது ஒன்றுக்காகவே நெட்லோகோவைப் பரிந்துரைக்கலாம். திரைக் காட்சியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். ரேண்டம் சீடையும் (குலுக்கல் எந்த எண்ணிலிருந்து தொடங்கியது என்பதை) குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நேற்று வந்த விசித்திரமான முடிவை இன்று திரும்ப வரவழைக்க முடியாது.

நம்மூர் விஷயம் ஒன்று. கொங்குப் பகுதியின் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதை ஒரு மாடலாக வைத்திருக்கிறேன். விவசாய பம்புக்கு மின்சாரம் இலவசம், அதனால் இறைக்கும் செலவு யாரையும் தடுப்பதில்லை, துளை போடும் செலவுதான் தடுக்கும். காசு தீர்ந்தால் விவசாயி நிறுத்திவிடுவார் என்ற விதியோடு சில விவசாயிகளிடம் காட்டியபோது பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "போர் பொய்த்துப்போனா எவனுங்க நிறுத்துறான்? நகையை வெச்சு இன்னொண்ணு போடுவானுங்க." அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடன் என்று ஒரு மாறியைச் சேர்த்து இரண்டு வரி எழுதி ஓட்டினேன், நீர்மட்டக் கோடு முன்னைவிடச் செங்குத்தாக இறங்கியது. அதற்கப்புறம் அவரே ஸ்லைடரைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, வட்டியை எங்கே போடுவது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே விதியை மாற்ற முடிவது பெரிய விஷயம். ஸ்வாட்டில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இனி திட்டு. கழித்தல் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாவிட்டால் அதையும் சேர்த்து ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒரு மத்தியானத்தைத் தொலைப்பார்கள். புதுக் கோப்பைத் திறந்தால் உலகம் சுருண்டிருக்கும், வலது ஓரத்தில் வெளியேறுகிறவன் இடது ஓரத்தில் முளைப்பான். ஆற்றுப் படுகைக்கு இது கூத்து: கடைமடையில் பறந்த பூச்சி மலை உச்சியில் வந்து இறங்கும். செட்டிங்கில் மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிஜ வரைபடத் தரவைக் கொண்டுவரும் ஜிஐஎஸ் இணைப்பு வேலைக்கு ஆகும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லைக் கோடுகள் உள்ள ஷேப்ஃபைல் படிக்கும், கட்டம் கட்டமான ராஸ்டர் படம் என்றால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஆஸ்கி கிரிட் என்ற எளிய எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொடுக்கிறேன். பெரிய வடிநிலத்தை நுணுக்கமான கட்டங்களில் ஏற்றினால் ஜாவாவின் நினைவக வரம்பில் முட்டும், கான்ஃபிக் கோப்பில் அதை உயர்த்தலாம், ஆனாலும் லட்சக்கணக்கான ஆட்களை ஓட்ட நினைத்தால் இது இடமில்லை. பதிப்பு மாறும்போதும் வலி உண்டு. 5-இலிருந்து 6-க்குப் போனபோது கேள்விக்குறியை வைத்து எழுதிய வரிகளையெல்லாம் அம்புக்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது, 7-இல் கோப்பு வடிவமே மாறிவிட்டது. பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்றை நெட்லோகோவின் குறை என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் எளிமையால் வருவது: விதி சேர்ப்பது சுலபம் என்பதால் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஆடு, மாடு, சந்தை விலை, ரேஷன், கல்யாணச் செலவு எல்லாம் வந்துவிடும், கடைசியில் எது எதைச் செய்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. 2006-இல் வோல்கர் கிரிம்மும் பலரும் சேர்ந்து கொண்டுவந்த ஓடிடி என்ற விவரிப்பு முறை இருக்கிறது, மாடலின் நோக்கம், ஆட்கள், நிகழ்வு வரிசை எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் எழுதுவது. சலிப்பான வேலை. நான் கோடுக்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன், எழுதும்போதே பாதி விதிகள் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்? அணையில் எவ்வளவு திறப்பது, வெள்ளம் எந்தத் தெருவுக்கு வரும் என்று எண் கேட்கிறவர்களுக்கு வேண்டாம், அதற்கு வேறு மாடல்கள் இருக்கின்றன. பைத்தான் நன்றாகத் தெரிந்தவர்கள் அதிலேயே இந்த வகை மாடல் எழுத உதவும் மெசாவுக்கு நேராகப் போகலாம். வரைபடம் முக்கியம், நிஜமான எல்லைகளோடு ஓட வேண்டும் என்றால் இதே வகை மென்பொருளான காமா பிளாட்ஃபார்மைப் பாருங்கள், மீகாங் டெல்டா ஆய்வுகளில் நிறையப் பயன்பட்டிருக்கிறது, கற்றுக்கொள்ளத்தான் கொஞ்சம் நாள் ஆகும். மாணவர்கள், களத்தில் மக்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள், ஒரு யோசனையை ஒரே நாளில் உரசிப் பார்க்க நினைக்கிறவர்கள் நெட்லோகோவிலேயே ஆரம்பிக்கலாம். இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும் நெட்லோகோ வெப் இருக்கிறது, ஆனால் கூடுதல் இணைப்புகள் பலவும் அதில் வேலை செய்யாது.