போட்டோஷாப் பிளெண்டிங் மோட்: ஆல்பம் மேசையில் நிஜமாக உதவுபவை

போட்டோஷாப்பில் படத்தின் மேல் அடுக்கடுக்காக வைப்பவை லேயர்கள். மேல் லேயர் கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வது பிளெண்டிங் மோட். லேயர் பேனலில் அதன் பட்டியலைத் திறந்தால் 27 பெயர்கள் வரும். கல்யாண ஆல்பம் ரீடச் வேலையில் தினமும் புழங்குவது மல்டிப்ளை, ஸ்கிரீன், சாஃப்ட் லைட், லுமினாசிட்டி, எப்போதாவது கலர். டிஸால்வ் பக்கம் கை போவது பெரும்பாலும் தவறி அழுத்தும்போதுதான்.

எந்த மோடில் எந்த நிறம் காணாமல் போகும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மல்டிப்ளையில் வெள்ளை, ஸ்கிரீனில் கறுப்பு, ஓவர்லே, சாஃப்ட் லைட் இரண்டிலும் 50% சாம்பல்.

ஸ்கேன் செய்த கையெழுத்தை மல்டிப்ளையில் போட்டால் தாள் தானாக மறைந்துவிடும் என்பார்கள். முழுதாக மறையாது. 0 கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில், ஸ்கேனில் தாளின் வெள்ளை பெரும்பாலும் 255-ஐத் தொடாது. 240 சுமாருக்கு நிற்கும். மல்டிப்ளை மேல், கீழ் மதிப்புகளைப் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. அடியில் 200 இருந்த இடம் 188 ஆகிவிடும். திரையில் கண்ணுக்குத் தப்பினாலும் பிரிண்டில் கையெழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு கட்டம் விழும். அந்த லேயரில் கன்ட்ரோல் எல் அடித்து, லெவல்ஸில் வலது ஓர வெள்ளை முக்கோணத்தை 230-க்கு இழுத்துவிட்டால் கட்டம் போய்விடும். மடிப்பு நிழல் இருந்தால் 220. அதற்கும் கீழே போனால் மை வெளிறத் தொடங்கும்.

முகத்தில் டாட்ஜ் (வெளிச்சம் கூட்டுவது), பர்ன் (நிழல் கூட்டுவது) செய்ய சாஃப்ட் லைட்தான் சரி. ஆல்ட் பிடித்தபடி புது லேயர் ஐகானைக் கிளிக் செய்து, மோடில் சாஃப்ட் லைட் வைத்து, கீழே 50% சாம்பல் நிரப்பும் டிக்கைப் போடவும். பிரஷ் ஹார்ட்னஸ் (ஓரத்தின் கடினம்) 0, ஃப்ளோ (ஒரு பூச்சில் இறங்கும் நிறத்தின் அளவு) 3 முதல் 5%. வெள்ளை பூசினால் வெளிச்சம், கறுப்பு பூசினால் நிழல். கை தவறினால் அழிப்பான் தேட வேண்டாம். 50% சாம்பலையே மேலே பூசினால் பழையபடி ஆகிவிடும். ஓவர்லேயில் வேலை சீக்கிரம் நடக்கும், ஆனால் தோலின் நிழல் பகுதி ஆரஞ்சுக்கு ஓடும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கான்ட்ராஸ்டுக்காகக் கர்வ்ஸில் (வெளிச்ச அளவை வளைகோட்டால் மாற்றும் வசதி) எஸ் வளைவு கொடுத்தால் அரக்குப் பட்டின் சிவப்பும் சேர்ந்து ஏறி, நெசவு தெரியாமல் அப்பிவிடும். கர்வ்ஸ் லேயரை லுமினாசிட்டிக்கு மாற்றினால் வெளிச்சம் மட்டும் மாறி, நிறம் இருந்த இடத்திலேயே நிற்கும். படம் கொஞ்சம் வறண்டு தெரிந்தால், அதே கர்வ்ஸை நகலெடுத்து நார்மலில் 30% வைத்துப் பார்க்கலாம்.

ஷிஃப்ட்டுடன் பிளஸ் அழுத்தினால் லேயரின் மோட் அடுத்ததற்குத் தாவும், மூவ் டூல் போலத் தனக்கென்று மோட் இல்லாத டூல் கையில் இருக்கும்போது மட்டும். பிரஷ் கையில் இருந்தால் மாறுவது லேயரின் மோட் அல்ல, பிரஷின் மோட். மாஸ்க்கில் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிப்பது) வெள்ளை பூசியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் மேலே ஆப்ஷன் பாரைப் பார்க்கவும். பிரஷ் மல்டிப்ளையில் மாட்டியிருக்கும்.

பல லேயர்களை ஒன்றாகச் சேர்த்த குரூப்பின் மோட், வழக்கமான பாஸ் த்ரூவிலிருந்து நார்மலுக்கு மாறினால், உள்ளே இருக்கும் லேயர்களின் மோட் குரூப்புக்கு வெளியே கீழே இருப்பதைத் தொடாது.

குத்துவிளக்குச் சுடருக்கு ஒளி கூட்ட கலர் டாட்ஜ் நல்லது. ஆனால் லேயரின் அடர்த்தியைக் குறைக்க லேயர் பேனலில் உள்ள இரண்டு அளவுகளில், குறைக்க வேண்டியது ஒபாசிட்டியை அல்ல, ஃபில்லை. கலர் டாட்ஜ், லீனியர் லைட், டிஃபரன்ஸ் உட்பட எட்டு மோட்களில் இவை இரண்டும் வெவ்வேறு விளைவு தரும். ஒபாசிட்டி 40%-இல், வெளிச்சம் அதிகமாகி வெந்த வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் மங்கும். ஃபில் 40%-இல் சுடரின் நடு மட்டும் ஒளிர, ஓரம் மெல்ல அடங்கும்.