குறும்படமா, படக்கதையா, ஒலிப்பதிவா?

சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் குத்திக் கிழிக்கிறார்களே என்று அறிவுரை சொல்லிப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது. பிறகு கோடைக்கு ஒன்றாக மூன்று வழிகளில் இறங்கினேன்.

முதலில் குறும்படம். உற்சாகத்துக்குக் குறைவில்லை. ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். 1856-இல் திறந்த கட்டடம், அழகுதான், ஆனால் ரயில்வேயிடம் யார் அனுமதி வாங்குவது? நாயகன் வேடத்துக்கு அடிதடி. கேலிக்கு ஆளாகும் பெண்ணாக நடிக்க, வகுப்பில் ஏற்கெனவே கேலிக்கு ஆளாகிறவளையே தள்ளிவிட்டார்கள். அத்தோடு குறும்படத்தை மூட்டை கட்டிவிட்டேன். முகம் தெரியும் வீடியோ வேறு. எந்தக் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று யார் கண்டது?

படக்கதைக்கு நோட்டும் பென்சிலும் போதும், முகமும் வெளியே தெரியாது. ஆனால் வரையத் தெரிந்த மூன்று பேர் வரைந்தார்கள், மற்றவர்கள் வண்ணம் தீட்டினார்கள்.

ஒலிப்பதிவை நான் பெரிதாக நம்பவில்லை. நிபந்தனை ஒன்றுதான்: குழுவில் நீ எழுதியதை உன் குரலிலேயே வாசிக்க வேண்டும். ஒருவன் எழுதியிருந்தது, 'அவள் பக்கத்தில் வந்தாலே மீன் வாடை.' அந்தப் பெண் இல்லாத நாளாகப் பார்த்து அவனை உட்கார வைத்தேன். முதல் முறை சிரித்துவிட்டான். இரண்டாம் முறை ஒரே மூச்சில் ஓட்டினான். மூன்றாம் முறை 'மீன்' என்ற சொல்லோடு நின்றுவிட்டான். அவனுடைய அம்மாவும் கூடையில் மீன் சுமந்து விற்கிறவர்.

மறுநாள் அவனே அம்மாவிடம் கைப்பேசியை நீட்டி, "பஸ்ஸில் யாராவது ஏதாவது சொல்வார்களா அம்மா?" என்று கேட்டுப் பதிவுசெய்துகொண்டு வந்தான். "சொல்ல மாட்டார்கள். எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்" என்கிறார் அவர். அதன்பின் பதிவில் சிறிது நேரம் பேச்சில்லை. அதை வெட்ட வேண்டாம் என்று அவன்தான் சொன்னான்.

ஒலிப்பதிவின் குறை, இரைச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். துறைமுகத்துச் சந்தடி குறையும். விடுமுறையும் அப்போதுதான். அதனால் இந்த ஆண்டும் ஒலிப்பதிவுதான். படக்கதையை அதற்கு அட்டைப்படம் வரைய வைத்துக்கொண்டேன். குறும்படம் கேட்டு இன்னும் நச்சரிக்கிறார்கள்.