காலன் குடையும் மாயாவியின் மோதிரமும்

வாரத்தில் ஆறு நாள் செங்கோட்டையில் பஸ் ஏறி, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை தாண்டிப் புனலூரில் இறங்குகிறேன். சுமார் 50 கிலோமீட்டர். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் மலை தாண்டிப் போய்த் திரும்புகிறவனுக்குத் தோள்பையில் எதை வைப்பது, எதை வீட்டில் விடுவது என்பதில் பிடிவாதமான கருத்துகள் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கின்றன. அவற்றுக்கு எதிர்க்கட்சித் தலைவர் புனலூரில் இருக்கும் என் அத்தான். அக்காளை அங்கே கட்டிக்கொடுத்து இருபது வருடம் ஆகிறது. இந்த இருபது வருடத்தில் நானும் அவரும் ஒரே பொருளை ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

முதலில் குடை. எங்களுக்குள் நடந்த பெரிய வழக்கு அதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் விழுவதும் இந்தப் பக்கம் விழுவதும் ஒரே தென்மேற்குப் பருவமழைதான். ஆனால் விழுகிற விதம் வேறு. ஆரியங்காவில் மழை நேராக இறங்கும். குடம் குடமாக, ஒரே இடத்தில் நின்று ஊற்றும். தண்ணீரில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிட்ட மேகம், கணவாய் வழியாக எங்கள் பக்கம் வரும்போது காற்றும் தூறலுமாகத்தான் வந்து சேர்கிறது. அதைத்தான் சாரல் என்கிறோம். குற்றாலத்துக்கு அதுதான் சீசன். சாரல் தலையில் விழாது. காதில் விழும், கழுத்தில் விழும், சட்டைப்பையில் இருக்கும் பஸ் டிக்கெட்டில் விழும். ஒரே குடை இந்த இரண்டு மழைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தான் மூன்று மடக்குக் குடையின் ஆள். பைக்குள் அடங்கும், பஸ்ஸில் மறந்து வைக்க முடியாது என்பது அவருடைய வாதம். அதில் உண்மை இருக்கிறது. நான் வளைந்த பிடி வைத்த நீளக் குடையின் ஆள். மலையாளத்தில் அதற்குக் காலன் குடை என்று பெயர். முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டேன், எமனுடைய குடையா என்று. கால் நீண்ட குடை என்றுதான் பொருள் என்று அத்தான் விளக்கினார். ஆனாலும் பஸ் நெரிசலில் அதன் நுனி யார் காலிலாவது குத்தும்போது அவர்கள் பார்க்கிற பார்வையில் என் பொருள்தான் சரி என்று தோன்றும்.

இரண்டையும் விரித்துவைத்துக் கம்பியைப் பாருங்கள். நீளக் குடையின் கம்பி முனை முதல் உச்சி வரை ஒரே நீளம். குறுக்காக வெட்டினால் ‘ப’ என்ற எழுத்தைப் போல இருக்கும். தகட்டை மடித்துப் பள்ளமாக்கிய எஃகு. இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் 1852இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. எடை குறைவு, வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். மூன்று மடக்கில் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு மூட்டு. எட்டுக் கம்பிக்குப் பதினாறு. ஒவ்வொரு மூட்டிலும் கடுகளவு ஆணி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. அத்தானின் குடை செங்கோட்டை பஸ் நிலையத்தில் வெளிப்புறமாகப் புரண்டு, புனல்போல வானத்தைப் பார்த்து நின்றதைப் பார்த்தேன். இரண்டு ஆணி தெறித்துவிட்டது. துணியின் ஒரு முனை கம்பி நுனித் தொப்பியிலிருந்து கழன்று, அவர் தோளில் ஈரமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் குடையைக் குறை சொல்லவில்லை. “உங்கள் ஊர்க் காற்று சரியில்லை, மாப்பிள்ளை” என்றார்.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையைச் சொல்ல வேண்டும். அந்த மழை மாலையில் இடியோடு வரும். காலையில் வெயில் கொளுத்தும். வெயிலில் நீளக் குடையை ஊன்றிக்கொண்டு போகிறவன் அதை எங்கேயாவது விட்டுவிட்டுத்தான் வருவான். நான் இதுவரை நான்கு விட்டிருக்கிறேன். ஆகவே ஆனி, ஆடி, ஆவணிக்குக் காலன் குடை. வருடக் கடைசிக்கு மூன்று மடக்கு. பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் வகை எந்த மாதத்துக்கும் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரின் மூக்குக்கண்ணாடிக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

கம்பெனி விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. ஆலப்புழையில் 1954இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் குடை நிறுவனம் 1995இல் போப்பி என்றும் ஜான்ஸ் என்றும் இரண்டாகப் பிரிந்தது. கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் இந்த இரண்டு பெயரும் தேர்தல் சின்னம்போலக் கண்ணில் படும். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இரண்டு குடைகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் அக்கா, “இரண்டையும் நீங்கள் தொலைக்கத்தானே போகிறீர்கள்” என்று முடித்துவிடுவாள்.

அடுத்து துண்டு. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தடித்த பூந்துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு நடப்பதைப் பார்க்கும்போது பரிதாபமாக இருக்கும். அது தண்ணீரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை விடாது. சாரல் காலத்தில் மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் காயாமல் நான்காம் நாள் நாற ஆரம்பிக்கும். மலையாளிகள் தோர்த்து என்று சொல்கிற ஈரிழைத் துண்டு கையில் எடுத்தால் காகிதம்போல இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். இது எப்படித் துவட்டும் என்று புதியவர்களுக்குச் சந்தேகம் வரும். துவட்டி, பிழிந்து, மறுபடி துவட்ட வேண்டும். பிழிந்த துண்டைப் பஸ் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் தென்மலை வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். தலைக்கட்டு, வியர்வைத் துணி, சோற்றுப் பாத்திரத்தின் சூடு தாங்கி, இருக்கையில் இடம் போடும் பத்திரம் என எல்லா வேலைக்கும் அந்த ஒன்றே போதும். அத்தான் இதைக் கேரளத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்வார். கேரளத்து நெசவு ஊரான பலராமபுரத்துத் தறிகளில் முதலில் உட்கார்ந்தவர்கள் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் தென் தமிழ்நாட்டிலிருந்து போன சாலியர்கள் என்று நான் எடுத்துக்கொடுப்பேன். அத்தோடு அவர் பேச்சை மாற்றுவார். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு எங்கள் ஊரில் முடிவே கிடையாது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்ததுதான். என் தாத்தா வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மாநிலம் மாறியவர்.

டார்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அத்தானிடம் சார்ஜ் ஏற்றும் பிளாஸ்டிக் டார்ச் இருக்கிறது. வெளிச்சம் பிரமாதம். ஆனால் எப்போது அணையும் என்று சொல்லாமல் அணையும். மின்சாரம் போன ராத்திரியில்தான் அதற்குச் சார்ஜ் இல்லை என்பது தெரியவரும். என்னுடையது அப்பா வைத்திருந்த தகர உடம்பு டார்ச். பெரிய செல் இரண்டு, மூன்று வோல்ட். செல் தீரும்போது வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இரண்டு நாள் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் போகும். ஒரு குறை: பழைய செல்லை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து அடித்தகட்டை அரித்துவிடும். சுருள் கம்பியை ஒரு தடவை மாற்றினேன், கண்ணாடியை ஒரு தடவை மாற்றினேன், பல்பை எல்.இ.டி. ஆக்கினேன். மிச்சமிருப்பது குழாய் மட்டும்தான். ஆனாலும் அது அப்பாவின் டார்ச்தான்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோதுதான் அத்தான் சிரித்து, “அப்படியானால் உன் டார்ச் ஒரு மாயாவி” என்றார். அவர் மலையாளத்தில் ஃபாண்டம் படித்து வளர்ந்தவர். நான் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாகப் படித்தவன். (இரும்புக்கை மாயாவி வேறு ஆள். அவர் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர். இந்த இருவரையும் குழப்பிக்கொள்பவர்களோடு நான் பேசுவதில்லை.) லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய மாயாவிக்குச் சக்தி எதுவும் கிடையாது. அப்பா செத்தால் மகன் அதே உடையை மாட்டிக்கொள்கிறான். 400 வருடமாக, 21 தலைமுறையாக இது நடப்பதால் காட்டில் இருப்பவர்களும் கடற்கொள்ளையர்களும் அவன் சாகாதவன் என்று நம்புகிறார்கள். ஆள் மாறுகிறான், உடுப்பும் மோதிரமும் மாறுவதில்லை. அத்தான் சொன்னது சரிதான். என் டார்ச்சின் கதையும் அதுவே.

அன்றைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்ததால் அவரிடமிருந்த பழைய குறுந்தகட்டைப் போட்டு 1996இல் வந்த மாயாவி படத்தைப் பார்த்தோம். இயக்கியவர் சைமன் வின்சர். மாயாவியாக பில்லி ஜேன். அடுத்த வருடம் வந்த டைட்டானிக்கில் கதாநாயகிக்கு நிச்சயித்த பணக்காரனாக நடித்து நம் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவர். சுமார் 4.5 கோடி டாலர் போட்டு எடுத்த படம் அமெரிக்கத் தியேட்டர்களில் சுமார் 1.7 கோடிதான் எடுத்தது. அதற்கு முன்பே, 1943இல், டாம் டைலர் நடித்து 15 பகுதிகளாக ஒரு தொடர்படம் வந்திருக்கிறது. எங்கள் தகராறு அதைப் பற்றியது அல்ல. கதைப் புத்தகமா, 1996 படமா என்பதுதான்.

படம் தோற்றது அநியாயம் என்பதில் இருவரும் ஒரே கட்சி. கதை 1938இல் நடக்கிறது. அதைக் கொண்டுவந்து இந்தக் காலத்தில் போட்டு, மாயாவிக்குக் கறுப்புக் கவசம் மாட்டி, மனக்கஷ்டம் கொடுத்து அழ வைக்கவில்லை. ஊதா உடையோடு குதிரையில் வருகிறார், கூடவே ஓநாய் வருகிறது. அந்த ஊதாவே ஒரு விபத்து. ஃபால்க் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் 1939இல் தொடங்கியபோது அச்சில் ஊதா ஏறி, அப்படியே நிலைத்துவிட்டது. பச்சைக் காட்டுக்குள் ஊதா உடுப்பில் ஒளிந்திருக்கும் மனிதரைப் பார்த்து யாரும் சிரிக்காதபடி பில்லி ஜேன் நடந்துகொள்கிறார். அது லேசான வேலை இல்லை. ஆரம்பத்தில் கயிற்றுப் பாலத்தில் தொங்கும் லாரியும் உள்ளே சிக்கிய பையனும் வரும் காட்சியில் அத்தான் சோபா நுனிக்கு வந்துவிட்டார்.

புத்தகம் ஜெயிக்கும் இடம் கண். படக்கதையில் முகமூடிக்குள் மாயாவியின் கருவிழியை வரைவதில்லை, வெறும் வெள்ளைதான். அந்த இரண்டு வெள்ளைத் துளிகளுக்குள் எந்தத் தலைமுறை மாயாவி இருக்கிறார் என்று தெரியாது. சலூன் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பத்து வயதில் எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. திரையில் பில்லி ஜேனின் கண் தெரிகிறது, சிரிக்கிறது, காதலி டயானாவைப் பார்த்துக் கிறங்குகிறது. நல்ல மனிதர் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன பயம்?

மோதிரத்தில்தான் சண்டை முற்றியது. புத்தகத்தில் மாயாவியின் வலதுகையில் மண்டையோட்டு மோதிரம். அந்தக் கையால் குத்து வாங்கியவன் தாடையில் அழியாத அடையாளம் விழும். இடதுகை மோதிரம் காப்பாற்றப்பட வேண்டியவர்களுக்குப் போடும் முத்திரை. இரண்டும் கருவிகள், என் டார்ச்சையும் துண்டையும் போல. படத்தில் பொன், வெள்ளி, பச்சைக்கல் என மூன்று மண்டையோடுகளைத் தேடி வில்லன் அலைகிறான். மூன்றும் சேர்ந்தால் உலகை அழிக்கும் சக்தி. கடைசியில் அவற்றை அடக்கும் நான்காவது மண்டையோடு மாயாவியின் விரலில் இருக்கும் மோதிரமே என்று முடிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல கருவியை எடுத்து மந்திரத் தாயத்து ஆக்கிவிட்டார்கள்.

அத்தான் விடவில்லை. “தினமும் போட்டிருக்கிற சாதாரணப் பொருள்தான் கடைசியில் பெரிது என்று படம் சொல்கிறது. துண்டுக்கும் டார்ச்சுக்கும் இவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கிய நீ அதற்குக் கைதட்ட வேண்டாமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. காபி குடித்து முடிந்த பிறகுதான் வந்தது. புத்தகத்தின் மோதிரம் வேறு யார் விரலிலாவது இருந்தால் வெறும் இரும்பு. அதைப் போட்டுக்கொண்டு குத்துவதற்கு அந்த ஆள் வேண்டும், அவருக்குப் பின்னால் இருபது அப்பாக்கள் வேண்டும். படத்தின் மோதிரத்தை நான் போட்டுக்கொண்டாலும் வேலை செய்யும் என்று தோன்றுகிறது. பொத்தானை அழுத்தினால் விரியும் குடை மாதிரி. இதைச் சொன்னேன். “மோதிரத்தையும் குடையையும் ஒப்பிடும் ஒரே ஆள் நீதான்” என்று எழுந்துபோய் வண்டிச் சாவியை எடுத்தார்.

பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். பஸ் தென்மலை தாண்டும்போது அக்காளிடமிருந்து போன் வந்தது. காலன் குடை அவர்கள் வீட்டு வராந்தாவில் சாத்தியபடி இருக்கிறதாம். பின்னணியில் அத்தான் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாவது.

செங்கோட்டையில் இறங்கியபோது சாரல் பக்கவாட்டில் வந்தது. பையிலிருந்து ஈரிழைத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தேன்.