ஷார்ட்டா, ஸ்கேர்ஸா?

ஷார்ட் (short), ஸ்கேர்ஸ் (scarce) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியைப் புரட்டினால் 'பற்றாக்குறை' என்ற பொருளும் வந்து நிற்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் ஆங்கிலம் இடறும்.

ஷார்ட் என்பது கணக்குப் பார்க்கிற சொல். பத்துத் தாள் அச்சிட வேண்டும், தட்டில் ஏழுதான் இருக்கிறது: 'வீ ஆர் த்ரீ ஷீட்ஸ் ஷார்ட்.' மூன்று குறைகிறது, வாங்கி வைத்தால் தீர்ந்தது. ஸ்கேர்ஸ் இப்படி எண்ணிக்கையை ஏற்காது. 'மூன்று தாள் ஸ்கேர்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. தேடினாலும் எளிதில் கிடைக்காத பொருளுக்குத்தான் அது. தமிழில் 'அரிது' என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது எழுவாயில். ஷார்ட் ஆஃப் என்றால் ஆளை முன்னால் வைக்கலாம்: 'வீ ஆர் ஷார்ட் ஆஃப் வாட்டர்.' ஸ்கேர்ஸுக்குப் பொருள்தான் முன்னால் வர வேண்டும்: 'வாட்டர் இஸ் ஸ்கேர்ஸ்.' 'வீ ஆர் ஸ்கேர்ஸ் ஆஃப் வாட்டர்' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். 'நாங்களே அரிதானவர்கள்' என்பது போலத் தொடங்கி, பாதியில் தடம் மாறுகிற வாக்கியம் அது!

பொருளியலில் இடைவெளி இன்னும் அகலம். ஷார்ட்டேஜ் என்றால் நடப்பு விலையில் தேவைக்கு வரத்து எட்டவில்லை. விலை ஏறினாலோ வரத்து கூடினாலோ மறையும். ஸ்கேர்சிட்டி மறையாது. விருப்பங்கள் பல, வளங்களோ அளவானவை. பிரிட்டிஷ் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் 1932-ல் பொருளியலுக்குத் தந்த வரையறை இதன்மேல்தான் நிற்கிறது.

ஸ்கேர்ஸ்லி வேறு கதை. அதற்கு 'அரிதாக' என்பதைவிட 'இல்லை என்றே சொல்லலாம்' என்பதுதான் பொருந்தும்.