மலைக்கென்றே செய்த ஏர் ஃபில்டரா? வாங்காதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கும் சீசனுக்கு மலையேறி வருபவர்களுக்கும் இந்தப் பதிவு. "மலையில் காற்று கம்மி, அதனால்தான் வண்டி இழுக்கவில்லை. இந்த ஏர் ஃபில்டரைப் போடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், முதல் பாதி உண்மை, மறுபாதி வியாபாரம். அந்த மறுபாதிக்கு என்னிடம் 6,500 ரூபாய் வாங்கினார்கள். பிறகு ஆன செலவு தனிக் கணக்கு.

என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக ஏறும்போது நான்கு பேரும் மூட்டை முடிச்சும் இருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரை விட்டு வெளியே வராது. ஊட்டியில் ஒரு கார் அலங்காரக் கடையில் சீட் உறை பார்க்கப் போன இடத்தில் பேச்சு இதில் வந்து நின்றது. கடைக்காரர் சிவப்பு நிறத்தில் கூம்பு போன்ற ஃபில்டர் ஒன்றைக் கொண்டுவந்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். "பாருங்கள் அண்ணா, வெளிச்சமே ஊடுருவுகிறது. காற்று எப்படிப் பாயும்!" என்றார். என் காரிலிருந்து கழற்றிய காகித ஃபில்டரையும் பக்கத்தில் பிடித்தார். அது மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் நுழைகிற ஓட்டையில் தூசியும் நுழையும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சக்தி கூடும், மைலேஜும் கூடும், ஆயுள் முழுக்கக் கழுவிக் கழுவிப் போடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றின் கன அளவு மாறாது. அதற்குள் இருக்கும் ஆக்சிஜன்தான் குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத வண்டிக்கு இங்கே சக்தி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது இதனால்தான். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். ஃபில்டருக்கு அந்த வேலை தெரியாது. சன்னலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் ஊட்டிக் காற்று கோயமுத்தூர்க் காற்றாகிவிடாது.

மைலேஜ் கதையும் இதே ரகம்தான். பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைப் பெரும்பாலான நேரம் முடிவு செய்வது ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து திறக்கும் த்ராட்டில் தகடுதான். ஃபில்டர் அல்ல. காற்று கூடினாலும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டித் தெளிக்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், இந்தக் காலத்துக் கார்களின் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தும் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைத்தாலே குறையாத மைலேஜ், திறந்துவிட்டால் மட்டும் எங்கிருந்து கூடும்?

மாட்டியதும் சத்தம் மாறியது. காலை அழுத்தினால் ஓர் உறுமல். என் மைத்துனன் பின் சீட்டில் இருந்துகொண்டு "மாமா, வண்டி பறக்கிறது" என்றான். பறக்கவில்லை. கேத்தி ஏற்றத்தில் அதே இரண்டாம் கியர்தான். காகித ஃபில்டர் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெட்டி இருந்தவரை முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. திறந்த கூம்போ பானெட்டுக்குள் எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை இழுத்தது. நீலகிரிக் குளிரை இலவசமாகக் கொடுத்திருக்கிறது இயற்கை, அதையும் காசு கொடுத்துத் தடுத்தாயிற்று!

மழைக்காலம் தொடங்கியபோது எஞ்சின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கியது, சில சமயம் அணைந்தும் போனது. குன்னூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தார். துணியில் சிவப்பு எண்ணெய், அதில் ஒட்டிய நறநறவென்ற மண். துணியைக் கையில் வைத்தபடி, "சார், இது எஞ்சினுக்குள் போகிற வழி" என்றார். இந்த வகைத் துணி ஃபில்டர்களில் தூசியைப் பிடிப்பதற்கு எண்ணெய் தடவியிருப்பார்கள். அது அளவு மீறினால் காற்றோட்டத்தோடு கிளம்பி, காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்துவிடும். பிறகு சென்சார் தப்பான கணக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோல் விடும். ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தும் பயனில்லை. புது சென்சாருக்கு ஃபில்டர் விலையைவிட அதிகம் ஆனது. உள்ளே போன மண் எஞ்சினை எவ்வளவு தேய்த்ததோ, அது பிறகுதான் தெரியும்.

கடைக்குத் திரும்பப் போனேன். ஃபில்டரில் குறை இல்லை, மெக்கானிக்குத்தான் தெரியவில்லை என்றார். சரி, பழைய கம்பெனிப் பெட்டியையாவது கொடுங்கள் என்றேன். "அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது அண்ணா." எந்த எக்ஸ்சேஞ்ச்? விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பில் என்று அன்றைக்குக் கையில் திணித்தது ஜிஎஸ்டி எண்ணோ கடைப் பெயரோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். அதைக் கொடுக்காமல் விடுவது மறதி என்று நான் நம்பவில்லை. கடைசியில் கோவையில் பழைய உதிரிபாகம் விற்கும் இடத்தில் பெட்டியைத் தேடிப் பிடித்து, முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க் காகித ஃபில்டரை மாட்டினேன். நடுக்கம் நின்றது. ஏற்றத்தில் வண்டி எப்போதும் போலத்தான் ஏறுகிறது.

இந்த ஃபில்டர்கள் யாருக்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ரேஸுக்காக எஞ்சினையும் கம்ப்யூட்டரையும் மாற்றி அமைத்தவர்களுக்கு அர்த்தம் உண்டு. அவர்கள் சீட் உறைக் கடையில் வாங்குவதில்லை. மற்றவர்கள் காகித ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் போதும். தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டியென்றால் கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரமே மாற்றுங்கள். இதையும் மீறி மாட்டித்தான் தீருவேன் என்பவர், ஜிஎஸ்டி பில் வாங்கிக்கொண்டு, கழற்றிய பெட்டியைத் தன் கண் முன்னால் டிக்கியில் ஏற்றிய பிறகு பணத்தைக் கொடுக்கட்டும்.