வைஷ்ணோ தேவி நாணயத்துக்குப் பத்து லட்சமா? முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்

சில்லறையில் வந்த ஐந்து ரூபாயில் வைஷ்ணோ தேவி உருவம் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம் என்று சொல்லும் வீடியோக்கள் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அந்த நம்பருக்குக் கூப்பிட்டவர்களின் கையில் நாணயம் அப்படியே இருக்கிறது, வங்கிக் கணக்குதான் காலியாகியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். ஐந்தே நிமிடத்தில் "உங்க காயின் செலக்ட் ஆயிடுச்சு சார்" என்று பதில் வரும். கூடவே ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு சான்றிதழும், கட்டுக்கட்டாகப் பணம் அடுக்கிய பெட்டியின் வீடியோவும் வரும். சந்தேகம் இங்கேயே வர வேண்டும். நிஜமாக வாங்குகிற டீலர் முதலில் வருடத்துக்குக் கீழே என்ன குறி இருக்கிறது என்று கேட்பார். டைமண்ட் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. அடுத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கீறல் உண்டா, தேய்த்துக் கழுவினீர்களா என்பார். இதில் ஒன்றையும் கேட்காமல் லட்சத்தில் விலை சொல்பவருக்கு உங்கள் நாணயம் தேவையே இல்லை.

பிறகு 'பதிவுக் கட்டணம்' என்று சில நூறு ரூபாய் கேட்பார்கள். போனால் போகட்டும் என்று தோன்றும் அளவுக்கு வேண்டுமென்றே சிறிய தொகையாக இருக்கும். அது போய்ச் சேர்ந்ததும் ஜிஎஸ்டி, டிடிஎஸ், என்ஓசி (தடையில்லாச் சான்று) என்று ஆயிரங்களில் ஏறும். பணத்தோடு வந்த வண்டி டோல்கேட்டில் நிற்கிறது, இன்சூரன்ஸ் கட்டினால்தான் விடுவார்கள் என்பார்கள். எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதிமொழி ஒவ்வொரு முறையும் வரும். மறுத்தால் போலீஸ் கேஸ் என்று மிரட்டுவார்கள். டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவர் தான் கொடுக்கும் தொகையில் பிடித்துக்கொள்ளும் வரி. பணம் வாங்க வேண்டிய நீங்கள் அதை முன்கூட்டிக் கட்டும் வழக்கம் எங்கும் கிடையாது. அதேபோல, பணம் உள்ளே வருவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போட்டால் போவது உங்கள் பணம்தான்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் அதற்குச் சம்பந்தமில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவுமில்லை.

அந்த வைஷ்ணோ தேவி நாணயம், கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக 2012 என்று பொறித்து ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்தது. புழக்கத்தில் தேய்ந்ததற்கு லட்சம் வேண்டாம், ஆயிரமே கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு ஐந்து ரூபாய்க்கும், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து உள்ள நூற்றாண்டு ஐந்து ரூபாய்க்கும் இதே கதைதான். ஆசையாய்ச் சேர்த்து வையுங்கள், அருமையான நாணயங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. செல்லாமல் போனதால் மட்டும் விலை ஏறிவிடாது.

வாங்குகிறவர்களுக்கும் வலை இருக்கிறது. பத்து ரூபாயின் நடுவட்டம் தலைகீழாக இருக்கிறது, 'எரர் காயின்' (அச்சிடும்போதே பிழையான நாணயம்) என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். நடுவட்டத்தை அழுத்தி வெளியே தள்ளி, திருப்பி மறுபடி அடித்து ஏற்றியவை இதில் நிறைய. பத்து மடங்கு லென்ஸில் இரண்டு உலோகமும் சேரும் கோட்டைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் ஒன்றாக அடிபட்டதென்றால் அந்த இணைப்பு இறுக்கமாக, சீராக இருக்கும். கழற்றி ஏற்றியதில் ஓரம் நசுங்கியிருக்கும், புதுக் கீறல்கள் மினுங்கும், சில இடத்தில் மயிரிழை இடைவெளி தெரியும். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் 1818 'ஒரு அணா' இன்னொரு ஏமாற்று. கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. பரிவர்த்தனையின் யுடிஆர் எண்ணை, அதாவது அதன் அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். அவமானமாக நினைத்து வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. சில நாள் கழித்து "நாங்க சைபர் கிரைம், உங்க பணத்தை மீட்டாச்சு, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று ஒரு போன் வரக்கூடும். அதுவும் பெரும்பாலும் அதே கும்பல்தான்.